கட்டு நழுவிய மரம்

இரண்டு உடல்களை அருகருகே நிறுத்தி, மேலே ஒரே தளத்தால் இணைத்த படகை ஆங்கிலம் 'கேட்டமரன்' என்கிறது. அச்சொல்லுக்குத் தாயான கட்டுமரத்துக்கோ குடைந்த உடல் என்று ஒன்றே கிடையாது. மணப்பாடு முதலிய முத்துக்குளித்துறைக் கரையூர்களில் 'மரம்' என்றே சுருக்கமாக வழங்கப்பட்ட அது, எடை குறைந்த தடிகளை நீளவாக்கில் சேர்த்து, முன்னும் பின்னும் கயிற்றால் இறுக்கிய கலமாகும். இடுக்குகளின் வழியே கடல்நீர் ஏறி இறங்கிவிடுவதால் அது நீர் நிரம்பி மூழ்குவதில்லை. தீவுகள் அரணாக நிற்கும் தூத்துக்குடியில் பலகையால் கட்டிய வள்ளமும் தோணியும் மிகுதியாகப் புழங்கின. முத்துக்குளிப்புக்கும் அவையே சென்றன. அலை ஓங்கி உடையும் திறந்த கரைக்கு மரமே ஏற்றது.

கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துத் தடிகளை மணலில் உலரவிட்டு, அடுத்த முறை கடலுக்குப் புறப்படுகையில் மீண்டும் கட்டுவர். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலமும் மறைந்து நிற்பதால் இச்சொல்லை இலக்கணத்தார் வினைத்தொகை என்பர். கட்டுவதும் அவிழ்ப்பதும் ஓயாத ஒரு கலத்துக்கு இதனினும் பொருந்திய பெயர் அமைவது அரிது.

வெனிஸ் நகர இரத்தின வணிகர் காஸ்பரோ பால்பி 1580களில் சோழமண்டலக் கரையில் ஏழு தடிகளால் ஆன கட்டுமரத்தைக் கண்டு, அதன் பெயரைத் தம் மொழியின் ஓசைக்கேற்பத் திரித்து எழுதிவைத்தார். 1697இல் வெளிவந்த தம் பயண நூலில், கால்கள் நீரில் நனைய ஒருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறு மரங்களையும் வில்லியம் டாம்பியர் குறித்துள்ளார். அதுவரை பொருள் சிதையவில்லை. 1804இல் பூலோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள்மீது ஆங்கிலேயர் ஏவிய மிதக்கும் வெடிப்பெட்டிக்கும் இதே பெயர் சூட்டப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சில் அது சண்டைக்காரப் பெண்ணுக்கு வசைச்சொல்லாகவும் ஆனது. 1876இல் நதானியேல் ஹெரஷாஃப் வடிவமைத்த 'அமரிலிஸ்' என்னும் இரட்டையுடல் பாய்ப்படகு நியூயார்க் போட்டியில் மற்றப் படகுகளைப் பின்தள்ளிய பிறகு, இன்றைய பொருள் வலுப்பெற்றது. இரட்டையுடல் படகு பசிபிக் தீவினரின் பழைய கலை. பெயர் மட்டுமே தமிழருடையது. அந்தப் பெயரிலும் 'கட்டு' என்னும் வினை ஆங்கிலக் காதுக்கு வெற்றோசையாகிவிட்டது.

தமிழ்க்கரையிலும் கண்ணாடியிழைப் படகுகள் பெருகியபின் தடிகளைக் கட்டும் கைகள் குறைந்துவிட்டன. இரட்டையுடல் கப்பலைக் குறிக்க இன்று தமிழில் எழுதுவோரும் 'கேட்டமரன்' என்றே எழுதுகின்றனர்.