குற்றவாளியா, சாட்சியா? தாவும் மரபுக்கூறுகளும் தொற்றும் புற்றுநோயும்

புற்றுநோய் ஆய்வில் குற்றவாளியெனச் சந்தேகிக்கப்பட்ட ஒன்று, பின்னர் நம்பத்தக்க சாட்சியாக நின்ற வரலாறு அதிகம் பேசப்படுவதில்லை. மரபணுத்தொகைக்குள் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகளின் வரலாறு அது.

மக்காச்சோள மணிகளின் நிறமாற்றத்தை ஆராய்ந்த பார்பரா மெக்ளின்டாக் 1940களில் இத்துண்டுகளைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1983இல்தான் அவரை வந்தடைந்தது. இவற்றுள் ரெட்ரோடிரான்ஸ்போசான் என்னும் வகை, தன்னை ஆர்என்ஏவாகப் படியெடுத்து, அப்படியை மீண்டும் டிஎன்ஏவாக மாற்றிப் புதியதோர் இடத்தில் செருகுகிறது. மூலம் பழைய இடத்திலேயே நிலைக்கிறது. ஆகவே ஒவ்வொரு தாவலும் ஒரு தடத்தை விட்டுச்செல்கிறது.

நாய்களிடையே கலவியின் வழியாகப் பரவும் ஒரு கட்டி உண்டு. நோவின்ஸ்கி என்னும் ரஷ்யக் கால்நடை மருத்துவர் 1876இல் நாயின் கட்டியொன்றை வேறு நாய்க்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். பரவுவது ஒரு கிருமியா, கட்டியின் உயிரணுவே தானா என்னும் கேள்வி நெடுங்காலம் நீடித்தது. 1985இல் இக்கட்டியின் உயிரணுக்களில், சி-மிக் மரபணுவுக்கு அருகே லைன்-1 என்னும் தாவும் கூறு செருகப்பட்டிருப்பது தெரியவந்தது. சி-மிக், உயிரணுப் பெருக்கத்தைத் தூண்டும் மரபணு. எனவே லைன்-1 மீது ஐயம் விழுந்தது இயல்பே.

2006இல் இராபின் வைஸ் குழுவினர், இத்தாலி, இந்தியா, கென்யா ஆகிய நாடுகளின் நாய்களிடமிருந்து பெற்ற கட்டிகளை ஒப்பிட்டனர். எல்லாவற்றிலும் அதே செருகல் இருந்தது. கட்டிகளின் மரபு அடையாளங்கள் அவற்றைச் சுமந்த நாய்களோடு பொருந்தாமல், தமக்குள் நெருங்கிய உறவைக் காட்டின. என்றோ வாழ்ந்த ஒரு விலங்கின் உயிரணுவே வழிவழியாகப் பரவிவந்திருக்கிறது.

மொழியியல் பயின்றோருக்கு இத்தருக்கம் பழக்கமானது. மொழிகளைக் கிளைகளாக வகுக்கும்போது, அவை பொதுவாகப் பேணிய பழங்கூறுகளைவிட, பொதுவாக ஏற்ற புதுமாற்றங்களுக்கே சான்று மதிப்பு அதிகம். பழமை எல்லோருக்கும் உரியது. புதுமை ஒரு கிளைக்கு உரியது. பரந்த மரபணுத்தொகையில் ஒரே புள்ளியில் ஒரே துண்டு இருமுறை தனித்தனியே செருகப்படுதல் மிக அரிது. அத்தகைய செருகலைப் பகிரும் கட்டிகளுக்குப் பொது மூதாதை இருந்தாக வேண்டும்.

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் மென்னோட்டு மட்டிகளிலும் இவ்வரலாறு திரும்ப நிகழ்ந்தது. அவற்றைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரு ரெட்ரோவைரஸ் காரணமாகலாம் என்று கருதப்பட்டது. 2014இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் காஃப் குழுவினர் ‘ஸ்டீமர்’ என்னும் ரெட்ரோடிரான்ஸ்போசானைக் கண்டறிந்தனர். இயல்பான மட்டியின் மரபணுத்தொகையில் அதன் படிகள் 2 முதல் 10 வரை. நோயுற்ற உயிரணுக்களிலோ 100 முதல் 300 வரை. குற்றவாளி அகப்பட்டதாகவே தோன்றியது.

மறு ஆண்டே படம் மாறியது. நியூயார்க், மெய்ன், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவு ஆகிய தொலைவான இடங்களின் நோயுற்ற மட்டிகளில் ஸ்டீமர் ஒரே புள்ளிகளில் செருகப்பட்டிருந்தது. அவ்வுயிரணுக்களின் மரபும் சுமந்த மட்டியின் மரபும் வேறாக இருந்தன. கரை நெடுகப் பரவியது வைரஸ் அன்று, புற்றுநோய் உயிரணுவே. அதை அம்பலப்படுத்தியவற்றுள் முதன்மையானவை ஸ்டீமரின் தடங்கள்.

இதனால் தாவும் கூறுகள் குற்றமற்றவை என்று தீர்ப்பெழுதிவிட இயலாது. மனிதரின் பெருங்குடற் புற்றுநோய் ஒன்றில், கட்டியைத் தடுக்கும் ஏபிசி மரபணுவை லைன்-1 உடைத்திருந்தது 1992இல் பதிவானது. 2020இல் 2,954 புற்றுநோய் மரபணுத்தொகைகளை ஆராய்ந்த பன்னாட்டுக் குழு, அவற்றுள் ஏறத்தாழ 35 விழுக்காட்டில் இத்தகைய தாவல்களைக் கண்டது. சிலவற்றில் தாவலின்போது நீண்ட டிஎன்ஏ பகுதிகள் அழிந்து, கட்டியைத் தடுக்கும் மரபணுக்களும் உடன் அழிந்திருந்தன.

ஆயினும் இரு கேள்விகளைப் பிரித்துணர்தல் வேண்டும். ‘இந்நோய் எங்கிருந்து வந்தது?’ என்பது வழிமரபு பற்றிய கேள்வி. ‘இதை எது உண்டாக்கியது?’ என்பது காரணம் பற்றியது. ஒரே தடம் முதற்கேள்விக்கு உறுதியான விடை தந்துவிட்டு, இரண்டாவதற்கு மௌனமாக இருக்கக்கூடும். நோயுற்ற உயிரணுவில் மிகுதியாகக் காணப்படும் எதையும் உடனே காரணமென எழுதிவிடும் அவசரம் நம் ஆய்வேடுகளிலும் உண்டு. சம்பவ இடத்தில் நின்றவரையெல்லாம் குற்றவாளியாக்கினால், பிறகு சாட்சி சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.