‘நிறைந்தவள்’, ‘பெற்றவள்’: மரியன்னை வணக்கம் பற்றிய சமய வாதமும் தமிழ்ச் சொல்லாட்சியும்

1. முன்னுரை

கத்தோலிக்கர் மரியன்னைக்குச் செலுத்தும் வணக்கத்தைப் புரோட்டஸ்டண்டுத் திருச்சபையார் மறுத்துரைத்த வரலாறு பெரும்பாலும் இறையியல் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தமிழைப் பொறுத்தவரை அது சொற்களின் வரலாறும் ஆகும். எந்தச் சொல்லைத் தேர்வது, எந்த வினையைப் பெயரெச்சமாக்குவது, ‘நீ’ என்பதா ‘நீர்’ என்பதா என்னும் வினாக்கள் இவ்வாதத்தில் கொள்கை வினாக்களாகவே நின்றன. இதனை 16ஆம் நூற்றாண்டு முதல் 1995 வரையிலான சில சான்றுகளின் துணைகொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாக அமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. 1806இல் செகந்திராபாத் படைவீடு நிறுவப்பட்ட பின்னர்ச் சென்னைப் படைப் பிரிவுகளோடு தமிழர் பலர் அங்குக் குடியேறினர். அவர்தம் வழிவந்த தமிழ்க் கிறித்தவர் இன்றும் அந்நகரிலும் அதனை அடுத்த பேகம்பேட்டிலும் வாழ்கின்றனர். பேகம்பேட்டில் ஒரு திருமண வீட்டு வழிபாட்டில் கட்டுரையாளர் கலந்துகொள்ள நேர்ந்தது. மணமகன் வீட்டார் கத்தோலிக்கர். மணமகள் வீட்டார் தென்னிந்தியத் திருச்சபையினர். வானதூதர் மரியாளை வாழ்த்திய நற்செய்திப் பகுதி வாசிக்கப்பட்டபோது இரு வீட்டாரும் ஒன்றாகவே செவிமடுத்தனர். அதே வாழ்த்து செபமாகத் தொடங்கியபோது மணமகள் வீட்டார் வாய் மூடி நின்றனர். ஒரே வாக்கியம் வாசகமாக இருக்கையில் பொதுவாகவும், செபமாக மாறுகையில் பிரிவினையாகவும் அமைவது மொழியியலார் கருதத்தக்க செய்தியாகும்.

2. வாதத்தின் எல்லை

மரியாளை மதிப்பதா வேண்டாவா என்பது இவ்வாதத்தின் பொருள் அன்று. கி.பி. 431இல் எபேசு சங்கம் அவரை இறைவனின் தாய் என்று அறிவித்தது. லூத்தரன் சபையாரின் 1577ஆம் ஆண்டு இணக்க வாய்பாடும் இதனை ஏற்றுள்ளது. மரியாளின் புகழ்ப்பாடலுக்கு மார்ட்டின் லூத்தர் 1521இல் விரிவுரை எழுதினார். ஆயின், புனிதர்களை நோக்கி மன்றாட வேண்டும் என்று திருமறை கற்பிக்கவில்லை என 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் அறிக்கை கூறிற்று. கடவுளுக்கும் மனிதர்க்கும் இடையே கிறித்து ஒருவரே நடுவர் என்பது அதன் அடிப்படை. எனவே மறுக்கப்பட்டது மதிப்பு அன்று, மன்றாட்டே ஆகும்.

கத்தோலிக்கர் இதற்குத் தந்த விடை ஒரு சொற்பாகுபாடு ஆகும். கடவுளுக்கு மட்டும் உரியது ‘லாத்ரியா’. புனிதர்க்கு உரியது ‘தூலியா’. மரியாளுக்கு உரிய மேலான வணக்கம் ‘ஹிப்பர்தூலியா’. கிரேக்கத்தில் இம்மூன்றும் தனித்தனிச் சொற்கள். தமிழுக்கு வந்தபோது இப்பாகுபாடு என்னவாயிற்று என்பதே நாம் காண வேண்டுவது.

3. தரங்கம்பாடியும் திருக்காவலூரும்

ஐரோப்பியச் சமய வாதம் தமிழில் நேருக்கு நேர் மோதிய களம் 18ஆம் நூற்றாண்டுக் காவிரி நாடாகும். 1706 சூலையில் சீகன்பால்கும் புளுட்சாவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அங்கிருந்து தெற்கே கடற்கரையோரமாகவே நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் அமைந்துள்ளன. தமக்கு முன்னர் ஒன்றரை நூற்றாண்டாகக் கத்தோலிக்கர் உருவாக்கி வைத்திருந்த கிறித்தவத் தமிழையே சீகன்பால்க் முதலில் கற்றார். தாம் திரட்டிய தமிழ் நூல்களுக்கு 1708இல் அவர் அமைத்த பட்டியலில் கத்தோலிக்க நூல்களும் இடம்பெற்றுள்ளன. 1714, 1715 ஆகிய ஆண்டுகளில் அச்சான அவரது புதிய ஏற்பாட்டில் கடவுளைக் குறிக்க வழங்கும் ‘சருவேசுரன்’ என்னும் சொல் கத்தோலிக்கரிடமிருந்து பெற்றதே. மறுக்க வந்தவர் மறுக்கப்பட்டவரின் சொற்களாலேயே பேசத் தொடங்கினர் எனலாம்.

காவிரியின் வடபால் அக்காலத்தில் சமயப் பணி ஆற்றியவர் வீரமாமுனிவர் (1680–1747). ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு அங்கு அடைக்கல மாதாவுக்கும், கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் கோயில் கண்டார். திருக்காவலூர்க் கலம்பகம், அன்னை அழுங்கல் அந்தாதி முதலியன மரியாளைப் பாடுபொருளாகக் கொண்ட அவர்தம் சிற்றிலக்கியங்கள். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட அக்காப்பியத்தில் மரியாளுக்கும் பெரும்பங்கு உண்டு.

இங்குப் பெயர்கள் கருதத்தக்கன. ‘பெரியநாயகி’ தஞ்சைப் பெருவுடையாரின் தேவிக்கும் வழங்கும் பெயர். ‘அடைக்கலம்’ பத்தி இலக்கியத்தில் வேரூன்றிய சொல். கலம்பகமும் அந்தாதியும் தெய்வங்களையும் மன்னரையும் பாடப் பயன்பட்ட வடிவங்கள். வீரமாமுனிவருக்கு இது தமிழ் மரபில் கிறித்தவத்தை ஊன்றும் முயற்சி. தரங்கம்பாடியார் நோக்கிலோ, எந்த வழிபாட்டிலிருந்து மக்களை மீட்க வந்தனரோ அதன் சொற்களே மரியாள் மீது ஏற்றப்பட்டிருந்தன. ஒரே சொல் ஒருவர்க்குப் பாலமாகவும் மற்றவர்க்குப் படுகுழியாகவும் தோன்றிற்று.

1720களின் பிற்பகுதியில் வாதம் உரைநடை நூல்களாக வெளிப்பட்டது. தரங்கம்பாடியார் தரப்பில் திருச்சபைப் பேதகம் தோன்றியது. வீரமாமுனிவர் 1728இல் வேத விளக்கம் எழுதினார். பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு என்பனவும் அவர் தரப்பு நூல்கள். வேத விளக்கத்தில் அவர் எதிர்த்தரப்பின் கொள்கையை மட்டுமன்றி அவர்தம் மொழிபெயர்ப்புத் தமிழையும் எள்ளி நகையாடினார். பிழைபட்ட தமிழ் பிழைபட்ட கொள்கைக்குச் சான்றாகும் என்னும் கருத்து அதில் இழையோடுகிறது. இது நேரிய தருக்கம் அன்று. ஆயினும் தமிழ் உரைநடையில் மொழிபெயர்ப்புத் திறனாய்வு தலைகாட்டிய தொடக்க இடங்களுள் ஒன்று இதுவே எனல் பொருந்தும்.

இப்பகையின் ஊடே நிகழ்ந்த ஒன்றும் குறிப்பிடத்தக்கது. வீரமாமுனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடி லூத்தரன் அச்சகத்திலேயே அச்சாயிற்று. அவ்வமைப்பைச் சேர்ந்த வால்தர் அடுத்த ஆண்டு தம் இலக்கணக் குறிப்புகளை வெளியிட்டார். மரியாள் பற்றி உடன்படாதோர் வினைமுற்று விகுதி பற்றி ஒருவரிடம் ஒருவர் கற்கத் தயங்கவில்லை.

4. ‘வணக்கம்’ என்னும் சொல்

‘லாத்ரியா’, ‘தூலியா’ என்னும் இரண்டற்கும் தமிழ்க் கத்தோலிக்கர் முறையே ‘ஆராதனை’, ‘வணக்கம்’ என்னும் சொற்களை வழங்கினர். ஆராதனை கடவுளுக்கே உரியது. வணக்கம் புனிதர்க்கும் உரியது. இப்பாகுபாடு கோட்பாட்டில் தெளிவானது; மொழிவழக்கில் அத்துணைத் தெளிவாக நிற்கவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான ஹென்றிக்கே ஹென்றிக்கசின் முதல் தமிழ் அச்சு நூலின் பெயரே தம்பிரான் வணக்கம். அங்கு ‘வணக்கம்’ கடவுளை நோக்கியது. இலக்கண நூலில் ‘கடவுள் வணக்கம்’ முதலில் நிற்கும். பெரியோரைக் காண்போரும் வணக்கம் கூறுவர். ஆக, தமிழில் ‘வணக்கம்’ ஏணியின் ஒரு படி அன்று; ஏணி முழுமையையும் தழுவிய சொல்.

எனவே, ‘மரியாளுக்கு வணக்கம் செலுத்துகிறோம்’ என்று கத்தோலிக்கர் சொல்லும்போது அவர் கருதுவது கீழ்ப்படி. புரோட்டஸ்டண்டார் கேட்பது மேற்படி. இருவருள் எவரும் தமிழைத் தவறாக வழங்கவில்லை. சொல்லின் பொருட்பரப்பே வாதத்துக்கு இடம் தந்தது. ‘வேண்டிக்கொள்’ என்னும் வினையும் இத்தகையதே. கடவுளிடம் வேண்டிக்கொள்வதும், நமக்காக வேண்டிக்கொள்ளுமாறு பிறரைக் கேட்பதும் ஒரே வினையால் நிகழ்கின்றன. வேறுபாடு வேற்றுமை உருபிலும் ‘-க்காக’ என்னும் சொல்லுருபிலுமே தங்கியுள்ளது. மரியாளை நோக்கிய செபம் பின்னைய வகையினது என்பது கத்தோலிக்கர் விடை. பழகிய நாவில் அந்தச் ‘-க்காக’ நினைவில் நிற்கிறதா என்பது புரோட்டஸ்டண்டார் வினா.

5. வாழ்த்தின் மொழிபெயர்ப்பு

லூக்கா 1:28இல் வானதூதர் மரியாளை விளிக்கும் கிரேக்கச் சொல் ‘கெகாரிட்டோமெனே’. இது ‘காரிஸ்’ (அருள்) என்னும் பெயரடியாகப் பிறந்த வினையின் செயப்பாட்டு முற்றுநிலை எச்சம். அருளப்பெற்று அந்நிலையில் இருப்பவள் என்பது அதன் பொருள். இலத்தீன் வுல்காத்தா இதனை ‘கிராத்சியா பிளேனா’, அதாவது அருளால் நிறைந்தவள் என்று பெயர்த்தது. 1530இல் மொழிபெயர்ப்புப் பற்றி எழுதிய புகழ்பெற்ற மடலில் லூத்தர் இவ்விடத்தையே எடுத்துக்கொண்டார். நிறைந்தவள் என்றால் செருமானியர்க்கு நினைவு வருவது பீப்பாயும் பணப்பையுமே என்று கேலி செய்து, இயல்பான செருமானிய விளியே வேண்டும் என வாதிட்டார். அருளை ஒரு கலத்தில் நிரப்பிய பொருளாகக் காட்டும் உருவகம் அவருக்கு மொழிக்குற்றமாகவும் கொள்கைக்குற்றமாகவும் பட்டது.

தமிழில் இவ்வேறுபாடு இரு பெயரெச்சங்களாக வெளிப்படுகிறது. கத்தோலிக்கச் செபத்தில் இன்று வழங்குவது ‘அருள் நிறைந்த’. புரோட்டஸ்டண்டார் வழங்கும் பழைய திருப்புதலில் உள்ளது ‘கிருபை பெற்றவள்’. ‘நிறை’ தன்வினை. ‘அருள் நிறைந்த மரி’ என்னும் தொடரில் நிறைவது அருள். அவ்வினையின் எழுவாய் அருளே. மரி அது நிறையும் இடம். தந்தவர் யார் என்னும் வினாவுக்குத் தொடரமைப்பில் இடமில்லை. ‘பெறு’ செயப்படுபொருள் குன்றா வினை. ‘கிருபை பெற்றவள்’ என்னும்போது மரியாள் எழுவாய், கிருபை செயப்படுபொருள், தந்தவர் சொல்லப்படாவிடினும் வினையின் பொருளிலேயே உள்ளார். முன்னது நிலையைக் காட்டுகிறது. பின்னது கொடையைக் காட்டுகிறது. நிறைந்ததிலிருந்து பிறர்க்கு வழங்கலாம். எனவே நிறைந்தவரிடம் கேட்கலாம். பெற்றவரோ நம்மைப் போன்ற ஒருவர். இரு திருச்சபைகளின் கொள்கையும் இவ்விரு வினைகளில் அடங்கிவிட்டது என்று கூறின் மிகையாகாது.

ஆயின் பழைய கத்தோலிக்கச் செபத்தின் சொல்லாட்சி இம்முடிவைச் சற்றே மாற்றுகிறது. ‘அருள்’ வருமுன் அங்கு வழங்கிய சொல் ‘பிரியதத்தம்’. செபமும் ‘பிரியதத்த மந்திரம்’ எனப்பட்டது. ‘பிரிய’ அன்பைச் சுட்டும், ‘தத்தம்’ கொடுக்கப்பட்டது. அன்பினால் கொடுக்கப்பட்டது என்பதே சொற்பொருள். ‘பூரணம்’ என்னும் நிறைவுச் சொல்லோடு அது சேர்ந்து நின்றபோதும், கொடுத்தவர் ஒருவர் உண்டு என்பதைப் பெயர்ச்சொல்லே காத்து நின்றது. பின்னர் வடசொல்லைக் களைந்து ‘அருள்’ அமைந்தபோது தொடர் எளிமையும் இனிமையும் பெற்றது. கொடைப் பொருள் மறைந்தது. தனித்தமிழ் விருப்பத்தால் நேர்ந்த மாற்றம் சமயப் பொருளிலும் சிறு நகர்ச்சியை விளைவித்தது. அந்நகர்ச்சியைத் திட்டமிட்டவர் எவரும் இலர் என்பதே மொழிபெயர்ப்பாளர்க்கு இதில் உள்ள பாடம்.

6. பிற சான்றுகள்

முதலாவது, முன்னிலைப் பெயர். பழைய திருப்புதலில் வானதூதர் மரியாளை ‘நீ’ என விளிக்கிறார். கத்தோலிக்கச் செபம் ‘நீர்’ வடிவை ஆள்கிறது. கிறித்தவத் தமிழில் ‘நீர்’ கடவுளை நோக்கிய மன்றாட்டின் நடையாகவே நிலைபெற்றுவிட்டமையால், அவ்வடிவத்தைக் கேட்டதும் புரோட்டஸ்டண்டார் செவியில் அது மன்றாட்டாகவே ஒலிக்கிறது.

இரண்டாவது, யோவான் 2:4. கானா ஊர்த் திருமணத்தில் இயேசு தம் தாயை அழைக்கும் சொல் கிரேக்கத்தில் ‘பெண்ணே’ எனப் பொருள்படும். பழைய திருப்புதல் ‘ஸ்திரீயே’ என்கிறது; 1995இன் திருவிவிலியம் ‘அம்மா’ என்கிறது. கிரேக்கத்தில் அவ்விளி அவமதிப்பு அன்று. தமிழில் தாயை மகன் ‘ஸ்திரீயே’ என்பது மூலத்தில் இல்லாத கடுமையை ஏற்றுகிறது. ‘அம்மா’ மூலத்தில் இல்லாத நெருக்கத்தை ஏற்றுகிறது.

மூன்றாவது, இயேசுவின் ‘சகோதரர்’. மரியாளின் நித்தியக் கன்னிமையை ஏற்போர் இவர்களை நெருங்கிய உறவினர் என்பர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு விளக்கம் வேண்டும். பெரியப்பா மகனையும் சித்தி மகனையும் அண்ணன், தம்பி என்றே வழங்கும் தமிழருக்கு அவ்விளக்கம் அயலாகத் தோன்றாது. ஆனால் தமிழ் உறவுமுறை மூலநூலின் உறவுமுறைக்குச் சான்றாகாது என்பதையும் மறத்தலாகாது.

7. முடிவுரை

1995இல் கத்தோலிக்கரும் புரோட்டஸ்டண்டாரும் இணைந்து உருவாக்கிய பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் வெளிவந்தது. லூக்கா 1:28இல் அது ஆண்ட விளி ‘அருள்மிகப் பெற்றவர்’ என்பதாகும். இதில் ‘அருள்’ கத்தோலிக்க வழக்கு. ‘பெற்ற’ புரோட்டஸ்டண்டு வழக்கு. ‘மிக’ நிறைவின் நிழல். ‘-அவர்’ என்னும் ஈறு இரு தரப்பாரும் மறுக்கவியலாத மரியாதை. கிரேக்க எச்சத்தின் செயப்பாட்டுப் பொருளுக்கும் இது நெருக்கமானது. 1530இல் லூத்தர் எழுப்பிய வினாவுக்கும், 18ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் மூண்ட வாதத்துக்கும் ஒரே சொல்லில் தரப்பட்ட இணக்க விடை இது.

ஆயினும் இணக்கம் வாசகத்தோடு நிற்கிறது. கத்தோலிக்கர் செபத்தில் ‘நிறைந்த’ என்பதே தொடர்கிறது. புரோட்டஸ்டண்டுத் திருச்சபைகள் பெரும்பாலும் பழைய திருப்புதலையே வழிபாட்டில் கொள்கின்றன. வாசகத்தை ஒரு குழு மாற்றலாம். மனப்பாடமான செபத்தைக் குழு எதுவும் எளிதில் மாற்ற இயலாது. பேகம்பேட்டு வீட்டில் பாதிப்பேர் வாய் மூடி நின்ற அச்சிறுபொழுதில் ஒலித்தது இவ்விரு பெயரெச்சங்களின் நீண்ட வரலாறே. சமயப் பனுவல்களைப் பெயர்ப்போர், தாம் தேரும் ஒரு வினை யாரைப் பேச வைக்கும், யாரை வாய் மூட வைக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.