நடுக்குவாதமும் இல்லத்தார் துணையும்

முதுமை வந்தால் கை நடுங்கும்; நடை தளரும்; குரல் தாழும். இவை யாவும் வயதின் குறிகளே என்று எண்ணி வாளாவிருத்தல் யாழ்ப்பாணக் குடாநாட்டு இல்லங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். ஆயின் இக்குறிகள் உடலின் ஒரு பக்கத்திலே தொடங்கி, மெல்ல மெல்ல மற்றைப் பக்கத்துக்கும் பரவி, தசைகளும் விறைப்படையுமாயின், அது வெறும் முதுமையன்று. தனியொரு நோயாதல் கூடும். மேலைநாட்டு மருத்துவர் அதனைப் பார்க்கின்சன் நோய் என்பர். அந்நோய் பற்றிய அறிவு எவ்வாறு வளர்ந்தது, அவ்வறிவு நோயாளியின் அருகிருந்து பேணுவோரை எவ்வாறு சென்றடைய வேண்டும் என்பன சிந்தித்தற்குரியன.

நடுக்கத்தை நம் முன்னோர் அறியாதவரல்லர். வாத நோய்களை எண்பதாக வகுத்தது சித்த மருத்துவ மரபு. நடுக்குவாதம், கம்பவாதம் என்னும் பெயர்கள் அம்மரபிலே வழங்குவன. யாழ்ப்பாணத்து அரசர்களின் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் பரம்பரைப் பரியாரிமாரின் கையேடுகளாக விளங்கின. எண்ணெய் தேய்த்தலும், ஒற்றடம் இடுதலும், பத்தியம் காத்தலும் இல்லத்தாரின் கைகளாலேயே நடந்தன. பரியாரியார் வழி சொல்வார். பேணுதல் வீட்டின் கடமை.

மேலைநாட்டிலே இந்நோயைத் தனியாகப் பிரித்து விளக்கியவர் இலண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன். 1817 ஆம் ஆண்டிலே அவர் வெளியிட்ட சிறு நூல் ஆறு நோயாளரை மட்டுமே ஆதாரமாகக் கொண்டது. அவருள்ளும் சிலரை அவர் தெருவிலே கண்ட அளவில் நோக்கி எழுதினார். பின்னர்ப் பாரிஸ் நகரத்து மருத்துவப் பேராசிரியர் சார்க்கோ என்பவரே அந்நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரைச் சூட்டினார்.

நோயை அறிதல் ஒன்று. அறிந்ததைப் பேணுவோருக்கு விளங்கும் மொழியிலே சொல்லுதல் மற்றொன்று. இரண்டாவது பணிக்கு யாழ்ப்பாணத்திலே அடிகோலியவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசனைச் சேர்ந்த அவர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே வைத்தியசாலையும் மருத்துவக் கல்வியும் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்த அவர், 1864 அளவிலே தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவர் உத்தியோகம் நாடி வெளியூர் செல்வர், தமிழிற் கற்றவரோ தம் ஊரிலேயே நின்று தம்மவரைப் பேணுவர் என்பது அவர் கருத்து. உடற்கூறு, உடற்றொழில், மகப்பேறு, இரண வைத்தியம், இரசாயனம் ஆகிய துறைகளிலே நூல்களைத் தமிழாக்கினார், கலைச்சொற்களை ஆக்கினார். 1873 இல் தாயகம் திரும்பிய பின்னரும் அப்பணியைக் கைவிட்டாரல்லர். 1884 இல் அவர் மறைந்தார். மானிப்பாய் வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நடுக்குவாதத்துக்குரிய மருந்தின் வரலாற்றிலே தமிழகத்துக்கும் ஓரிடம் உண்டு. பூனைக்காலி வித்து நாட்டு வைத்தியத்திலே பழகிய பொருள். அதனுள்ளே லெவோடோபா என்னும் பொருள் இருத்தலைச் சென்னையைச் சேர்ந்த தாமோதரன், இராமசாமி ஆகிய ஆய்வாளர் 1937 இல் வெளியிட்டனர். அப்பொருளுக்கும் நடுக்குவாதத்துக்கும் உள்ள தொடர்பை அக்காலத்தில் எவரும் அறிந்திலர். மூளையிலே டோபமின் என்னும் பொருள் குறைதலே இந்நோயின் அடிப்படை என்பது 1960 இல் வியன்னா நகரத்து ஹோர்னிகீவிச் முதலியோரின் ஆய்வால் வெளிப்பட்டது. மூளைக்குள்ளே டோபமினாக மாறவல்லது லெவோடோபா. அடுத்த ஆண்டு அதனை ஊசி வழியாகச் செலுத்தியபோது, எழ இயலாதிருந்தோர் சிலர் எழுந்து நடந்தனர். எனினும் அப்பயன் சிறிது நேரமே நின்றது. 1967 இல் கோட்சியாஸ் என்பவர் அமெரிக்காவில் அதனைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழி கொடுத்து, நீடித்த பயன் கண்டார். பூனைக்காலியில் இப்பொருள் உண்டென்பதால் அதனைத் தாமே அளவிட்டு உண்ணுதல் தகாது. வித்துக்கு வித்து அதன் அளவு வேறுபடும்.

இம்மருந்து நோயின் குறிகளைத் தணிக்குமேயன்றி நோயை வேரறுக்காது. குறித்த நேரம் தவறினால் உடல் மீண்டும் விறைத்துவிடும். திடீரென நிறுத்தினால் உயிருக்கே இடர் நேரலாம். போர்க்காலத்திலே, 1990களிலும் மீண்டும் 2006 ஆகஸ்டு முதலும், கண்டி வீதி அடைபட்டு மருந்துகள் கடல்வழியையும் வான்வழியையும் நம்பியிருந்த குடாநாட்டில், நாள்தோறும் மணி தவறாது மாத்திரை உண்ணவேண்டியவரின் இல்லத்தார் எத்துணைக் கவலையுற்றிருப்பர் என்பது சொல்லாமலே விளங்கும்.

மருந்து கைக்கு வந்த பின்னரும் பாதிப் பணி வீட்டிலேயே உள்ளது. மீன், முட்டை, பருப்பு முதலிய புரத உணவோடு சேர்த்து உண்டால் மாத்திரையின் பயன் குறையலாம். ஆதலின் உணவுக்கும் மருந்துக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். வாசற்படியை அணுகும்போது நோயாளியின் கால் நிலத்தோடு ஒட்டியதுபோல் நின்றுவிடும். அப்பொழுது கையைப் பற்றி இழுத்தால் அவர் விழுவார். சற்றுப் பொறுத்து, "ஒன்று, இரண்டு" என எண்ணினாலோ, நிலத்திலிட்ட கோடொன்றைத் தாண்டச் சொன்னாலோ கால் பெரும்பாலும் பெயரும். தாழ்ந்த பாயைவிடக் கைபிடியுள்ள உயர்ந்த நாற்காலி எழுதற்கு எளிது. தண்ணீர் புரையேறுமாயின் அதனையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும்.

இவற்றினும் அரியது மனத்தின் பேணல். முகத்தசை இறுகியமையால் நோயாளி சிரிப்பதில்லை. அதனைக் கோபமென்று மனைவியும், அன்பின்மையென்று பேரப்பிள்ளைகளும் கொள்ளுதல் உண்டு. குரல் தாழ்ந்தமையாற் பேச விருப்பமில்லை என்று நினைப்பர். எழுத்துச் சிறுத்து, ஓய்வூதியப் படிவத்திலே இட்ட கையொப்பம் ஒத்துவராமற் போகும்போது அவர் நாணி ஒதுங்குவார். இவையெல்லாம் நோயின் செயலே என்று அறிந்த அன்றே வீட்டிலே பாதி மனத்தாங்கல் தீர்ந்துவிடும். அவரால் இயன்றதை அவரே செய்ய விடுதலும், சட்டைப் பித்தான் போட அவர் எடுக்கும் நேரத்தைப் பொறுத்திருத்தலும் பெருந் துணையாகும்.

பிள்ளைகள் கடல் கடந்து வாழும் இல்லங்கள் யாழ்ப்பாணத்திலே பல. அங்கே முதியவரைப் பேணுபவரும் முதியவரே. இரவிலே பலமுறை எழுந்து கணவரைப் புரட்டிப் படுக்கவைக்கும் மனைவிக்கும் உறக்கம் வேண்டும்; அவர் நோயுற்றால் இருவரும் வீழ்வர். தொலைவிலிருந்து பணம் அனுப்புதலோடு, வாரத்தில் ஒருநாளாவது அவரது பொறுப்பை ஏற்க உறவினரையோ அயலவரையோ ஒழுங்குசெய்தல் பிள்ளைகளின் கடமையாகும்.

1978 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் இயங்கி வருகின்றது; மருத்துவர்கள் உள்ளூரிலேயே உருவாகின்றனர். எனினும் நடுக்குவாதம் உற்றவரோடு இரவும் பகலும் இருப்பவர் மருத்துவர் அல்லர். அடுக்களையிலும் கிணற்றடியிலும் நிற்கும் மனைவியும் மகளும் மருமகளுமே. மருத்துவ அறிவு ஊரிலே தங்கவேண்டுமானால் அது தமிழிலே சொல்லப்படவேண்டும் என்று மானிப்பாயிலே கிறீன் கண்ட உண்மை, இன்று அவர்களின் பொருட்டே மீண்டும் நினைக்கப்பட வேண்டியது.