பதினெட்டு வயசு எப்படி வந்தது?



பெண்ணுக்கு 18 வயசு முடியாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த 18 ஒரே நாளில் வரவில்லை.

நம்ம பாட்டிக்குப் பாட்டி காலத்தில் ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கே தாலி கட்டினாங்க. விளையாடுற வயசிலேயே விதவையான பிள்ளைகளும் உண்டு. இதைத் தடுக்க ஹர்பிலாஸ் சாரதா என்பவர் டெல்லி சட்டசபையில் மசோதா கொண்டு வந்தார். சென்னை சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு ஆதரவாகப் பாடுபட்டார். 1929-ல் சாரதா சட்டம் நிறைவேறியது. பெண்ணுக்கு 14 வயசு, பையனுக்கு 18 வயசு.

சட்டம் 1930 ஏப்ரல் 1-ல்தான் அமலுக்கு வந்தது. நடுவில் இருந்த ஆறு மாசத்தில் அவசர அவசரமாக ஏராளமான கல்யாணங்களை முடிச்சாங்க. அப்புறமும் விடவில்லை. பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நமக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் வேறு ஆட்சி. இங்கே தடை என்றால் அங்கே போய்க் கல்யாணம் நடத்தினாங்க. ராஜாக்கள் ஆண்ட சமஸ்தானங்களுக்கும் போனாங்க. அதனால் 1938-ல் சட்டத்தைத் திருத்தி, வெளியே போய் நடத்தினாலும் குற்றம் என்றார்கள். கல்யாணத்துக்கு முன்பே கோர்ட் தடை போடவும் வழி வந்தது.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. போலீஸ் தானாகப் பிடிக்க முடியாது, யாராவது கோர்ட்டில் புகார் கொடுக்கணும். கொடுக்கிறவரும் 100 ரூபாய் வரைக்கும் பிணைப் பத்திரம் எழுதித் தரணும். அந்தக் காலத்து 100 ரூபாய்! யார் முன்வருவாங்க?

1949-ல் பெண்ணின் வயசு 15 ஆனது. 1978-ல் 18, பையனுக்கு 21. இப்போது இருப்பது 2006-ல் வந்த சட்டம். நடத்தி வைத்தவருக்கு 2 வருஷம் வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். பெண்களுக்கு ஜெயில் இல்லை, அபராதம் உண்டு. கல்யாணம் ஆகிவிட்ட பிள்ளையும் 20 வயசு முடிவதற்குள் கோர்ட்டில் அதை ரத்து செய்யக் கேட்கலாம்.

நம்மை ஆண்ட இங்கிலாந்திலேயே, பெற்றோர் சம்மதித்தால் 16 வயசில் கல்யாணம் செய்யலாம் என்பது 2023-ல்தான் மாறியது. கட்டாயக் கல்யாணத்துக்காகப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவதும் அங்கே 2014 முதல் தனிக் குற்றம். அன்றைக்குப் பாண்டிச்சேரிக்குப் போனாங்களே, அதே வழிதான்.

சட்டம் மட்டும் போதாது என்று நம்ம அரசு படிப்பையும் சேர்த்துப் பிடித்தது. 1989-ல் வந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தில் பெண் படித்திருக்கணும், 18 முடிந்திருக்கணும். 2022-ல் அதுவே புதுமைப்பெண் திட்டம் ஆகி, அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி போனால் மாசம் 1000 ரூபாய் கிடைக்கிறது.

இன்றைக்குப் புகார் சொல்ல பிணைப் பத்திரம் வேண்டாம். 1098-க்கு ஒரு போன் போதும், காசு கிடையாது. மாவட்ட சமூக நல அலுவலரிடமும் சொல்லலாம். இருந்தும் "நமக்கு எதுக்கு ஊர் வம்பு" என்று வாய் மூடினால், 1930-ல் இருந்த ஓட்டை இன்றைக்கும் அப்படியே இருக்கும்.

ஒன்று கேட்கிறேன். கல்யாணச் செலவுக்கு நம்ம குழுவில்தான் முதலில் கடன் கேட்கிறாங்க. இனி அப்படிக் கேட்டால் பெண்ணின் பிறப்புச் சான்றைப் பார்த்த பிறகே கடன் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுவோம்.