விண்ணேறிய கற்பனையும் நம் மலைநாடும்

எல்லவிலிருந்து வெல்லவாயாவுக்குச் செல்லும் பாதையில் பேரோசையோடு விழும் இராவணா அருவியைக் கண்டிராதவர் நம் ஊவாவில் மிகச் சிலரே. அருவியருகே நிற்கும்போது, இலங்கை வேந்தன் புட்பக விமானமேறி விண்வழி சென்ற கதையை மூத்தோர் சிறுவர்க்குச் சொல்வதுண்டு. கேட்கும் சிறுவன், "தாத்தா, அப்படியொரு விமானம் மெய்யாகவே இருந்ததா?" என்று வினவுவான்.

இவ்வினாவுக்கு நாம் என்ன விடை கூறுவது? புராணத்துப் புட்பகத்தை ஓர் இயந்திரத்தின் வரைபடமாகக் கொள்வது அறிவுக்குப் பொருந்தாது. வெறும் கட்டுக்கதையென்று எள்ளி ஒதுக்குவதும் பொருந்தாது. மண்ணில் நடந்த மனிதன் விண்ணில் உலாவ விரும்பினான் என்பதற்கு அக்கதை சான்று பகர்கின்றது. விருப்பம் முதலில் தோன்றும்; கணக்கு அதனைத் தொடரும்; கருவி அதன் பின்னரே வரும். இவை மூன்றும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்த வரலாறு ஒன்று நம் இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையது. இளைஞர்கள் அதனை அறிந்திருத்தல் நன்று.

கனவு கண்ட சிறுவன்

பதுளைக்குப் புகைவண்டி வந்து சேர்ந்த ஆண்டு 1924. அதற்கு அடுத்த ஆண்டு, 1925 டிசெம்பர் 16ஆம் நாள், கொழும்பில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. அதே நாளில் இங்கிலாந்தில் ஒரு சிறுவனுக்கு எட்டு வயது நிறைந்தது. விண்வெளிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்த அச்சிறுவனே பின்னாளில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளராகிய ஆதர் சி. கிளார்க்.

இரண்டாம் உலகப் போரின்போது கிளார்க் பிரித்தானிய வான்படையில் ராடார்க் கருவிகளோடு பணியாற்றினார். போர் முடிந்த 1945ஆம் ஆண்டு ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமிக்கு மேலே மூன்று நிலையங்களை நிறுத்தினால் உலகின் எப்பகுதியிலிருந்தும் எப்பகுதிக்கும் செய்தி அனுப்பலாம் என்பதே அதன் சாரம். அக்காலத்தில் செய்மதி எதுவும் விண்ணில் இல்லை. அது கதைக்காரரின் பகற்கனவென்றே பலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அக்கட்டுரையில் இருந்தது கதையன்று, கணக்கு.

அசையாத செய்மதி

அக்கணக்கை நாமும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பூமிக்கு மேலே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் பொருள் ஒரு சுற்றை 90 நிமிடங்களில் முடித்துவிடும். 3,84,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள சந்திரனுக்கோ ஒரு சுற்றுக்கு 27 நாட்களுக்கு மேல் வேண்டும். தொலைவு கூடக்கூடச் சுற்றும் காலமும் கூடுகின்றது. அப்படியாயின், சரியாக ஒரு நாளில் ஒரு சுற்று முடியும் தொலைவு இவ்விரண்டுக்கும் இடையே இருந்தே தீரவேண்டுமன்றோ?

நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கின்றது அத்தொலைவு. பூமியும் ஒரு நாளில் தன்னைத்தானே சுற்றிக்கொள்கின்றது. ஆகவே அங்குள்ள செய்மதி கீழிருந்து பார்ப்போருக்கு அசையாது நிற்பதுபோல் தோன்றும். தேரோடு அதே வேகத்தில் நடந்து செல்பவனுக்குத் தேர் எப்போதும் தன் பக்கத்திலேயே இருப்பதை இது ஒக்கும். இன்று லயத்துக் கூரைகளில் தொலைக்காட்சிக்காகப் பொருத்தப்பட்டிருக்கும் வட்டத் தட்டுகள் இரவும் பகலும் ஒரே திசையை நோக்கி நிற்பதன் காரணமும் இதுவே. செய்தி மேலே சென்று கீழே வர ஏறக்குறைய 72,000 கிலோமீற்றர் கடக்கவேண்டும். ஒரு செக்கனில் 3,00,000 கிலோமீற்றர் விரையும் வானொலி அலைக்கு இதற்குக் கால் செக்கன் போதும்.

கிளார்க் ஒருவரே அனைத்தையும் கண்டார் என்பதும் சரியன்று. அவ்வுயரத்தின் சிறப்பைப் பற்றி ஹேர்மன் பொட்டோச்னிக் என்பவர் 1928இலேயே எழுதியிருந்தார். உலகமெங்கும் ஒலிபரப்புவதற்கு அதனைப் பயன்படுத்தும் திட்டத்தைக் கணக்கோடு விரித்துரைத்தது கிளார்க்கின் பெருமை. அவரும் ஓரிடத்தில் தவறினார். பழுதாகும் வால்வுகளை மாற்றுவதற்கு அந்நிலையங்களில் மனிதர் தங்கியிருக்க வேண்டிவரும் என எண்ணினார். இரண்டே ஆண்டுகளில், 1947இல், டிரான்சிஸ்டர் பிறந்து வால்வின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிற்று. பெருங்கனவு காண்பவரும் சிறு பொருளொன்றில் தவறலாம் என்பதை நம் மாணவர் நினைவிற்கொள்க.

1957 ஒக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. 1964 ஓகஸ்ட் மாதத்தில் ஏவப்பட்ட சின்கொம்-3, கிளார்க் குறித்த உயரத்தில் அசையாது நின்ற முதற் செய்மதியாயிற்று. அவ்வாண்டு டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் போட்டிக் காட்சிகளை அது பசிபிக் கடல் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. காகிதத்தில் எழுதிய கற்பனை 19 ஆண்டுகளில் கண்முன் வந்து நின்றது.

நம் நாட்டோடு உறவு

கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, 2008இல் காலமாகும் வரை இந்நாட்டையே தம் இல்லமாகக் கொண்டார். 1975இல் இந்தியா செய்மதி வழியாக ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுசென்றபோது, இந்தியப் பொறியியலாளர்கள் கொழும்பில் அவரது வீட்டிலும் ஒரு பெரிய தட்டை நிறுவினர். இலங்கையில் தொலைக்காட்சிச் சேவை தொடங்கியது 1979இலேயே. தாம் கற்பனை செய்ததைத் தம் வீட்டிலிருந்தே கண்டு மகிழும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்!

1979இல் அவர் எழுதிய ஒரு நாவலில், நம் தீவையே நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி, சிவனொளிபாதமலையை ஒத்த ஒரு மலையின் உச்சியிலிருந்து விண்வெளிவரை நீளும் ஒரு தூக்கியைக் கட்டிக் காட்டினார். அதற்கு வேண்டிய வலிமையுள்ள வடத்தை இதுவரை எவரும் அந்த நீளத்துக்குச் செய்யவில்லை. அக்கனவு இன்னும் கணக்கின் நிலையிலேயே நிற்கின்றது.

மொரட்டுவையில் அவர் பெயரால் 1984இல் ஒரு தொழில்நுட்ப நிறுவனம் எழுந்தது. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஜப்பானிலுள்ள கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்திற்குச் சென்று, ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ள சிறு செய்மதியொன்றை உருவாக்கினர். 2019 ஏப்ரலில் அது விண்ணேறியது. அதற்கு இட்ட பெயர் யாது? 'இராவணா-1'! நம் அருவியின் பெயரே விண்ணிலும் உலாவிற்று. அது தன் பணி முடித்து, பின்னர் வளிமண்டலத்தில் எரிந்து மறைந்தது.

கடைசி லயம்வரை

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். அந்நாளில் தப்போசையே தோட்டத்தின் செய்திக் கருவி. விடியுமுன் தப்படித்தால் மலையடியிலுள்ள கடைசி லயத்தவரும் எழுந்து பெரட்டுக்குச் செல்வர். இன்று செய்மதிகள் மேகத்தைப் படம்பிடிக்கின்றன. கைத்தொலைபேசி ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கின்றது. ஆயினும் உயிர்காக்கும் செய்தி தப்போசைபோலக் கடைசி லயத்தைச் சென்றடைகின்றதா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென ஆய்வாளர்கள் முன்னரே எச்சரித்திருந்தனர். அறிவு இருந்தது, எச்சரிக்கையும் இருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்தனர். வேறு வீடும் நிலமும் இல்லாதவன் எச்சரிக்கையைக் கேட்டு எங்கே செல்வான்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையிலும் பதுளை மாவட்டத்தின் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. பாதுகாப்பான நிலமும் வீடும் பெற்றுத்தருவது ஆள்வோர் கடன். செய்தியைக் கடைசி லயம்வரை கொண்டுசேர்ப்பதோ நம்மாலும் இயலும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கின்றது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரே மணிநேரத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தாலோ உடனே வெளியேற வேண்டும். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரமும் கம்பமும், திடீரெனக் கலங்கிப் பாயும் ஊற்று ஆகியவற்றைக் கண்டாலோ எந்த அளவுக்கும் காத்திராமல் நீங்கிவிட வேண்டும்.

மழையை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள ஒரு பாத்திரமும் அளவுகோலும் போதும். மரமோ கூரையோ மறைக்காத கோயில் முன்றிலில் அதனை வைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதிவைக்கலாம். கடும் மழையின்போது மணிக்கொருமுறை அளக்கலாம். எச்சரிக்கை வந்ததும் அதனைத் தமிழில் தெளிவாக எழுதிக் கைத்தொலைபேசியில் அனுப்பலாம். மின்சாரமும் தொலைபேசியும் நின்ற இரவில் கோயில் மணியும் தப்பும் இருக்கின்றன. இன்ன ஓசை கேட்டால் இன்ன இடத்தில் கூடுவது என்று முன்னரே பேசி முடிவுசெய்துகொள்ளல் நன்று. முதியோரையும் கைக்குழந்தைகளையும் யார் அழைத்து வருவது என்பதையும் அப்போதே வகுத்துக்கொள்ளலாம். மலையின் குணம் அறிந்த மூத்தோரும், கருவி அறிந்த இளைஞரும் கைகோத்தாலன்றி இப்பணி நிறைவுறாது.

அருவியருகே வினவிய சிறுவனிடம் இனி நாம் சொல்லக்கூடிய விடை இது: "தம்பி, விண்ணில் உலாவும் விருப்பம் நம் முன்னோருக்கு இருந்தது. பிறகு வந்தவர்கள் கணக்கிட்டார்கள், கருவி செய்தார்கள். அக்கருவி சொல்லும் செய்தியைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோகும் வேலையை உனக்கு விட்டுவைத்திருக்கிறார்கள்." அவ்வேலையை வரும் மாரிக்கு முன்னரே தொடங்குவோமாக!