குச்சியும் பிஸ்கட்டும்

பாடியில் ஒரு அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. நீங்கள்தான் அங்கே குடியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கி வந்தாயிற்று. வயது ஐம்பது நாள். சாயங்காலத்துக்குள் பெயர் வைத்தாகிவிட்டது. ராத்திரிக்குள் ஹாலில் நாலு இடத்தில் ஈரம். ஒரு செருப்பு காலி!

மறுநாள் காலையிலேயே இலவச ஆலோசனைகள் வந்து சேரும். ‘‘சின்னதுலயே ரெண்டு போட்டு வைங்க சார். பெரிசாயிட்டா அடங்காது’’ என்பார் கீழ்வீட்டுப் பெரியவர். ‘‘ஒண்ணுக்குப் போன எடத்துலயே மூக்கைப் புடிச்சுத் தேய்க்கணும். அப்பதான் புத்தி வரும்’’ என்பார் எதிர்வீட்டுக்காரர்.

நாயை அடித்துப் பழக்குவது உலகம் பூராவும் பழைய சமாசாரம்தான். ஆனால், அதற்குப் பாடப்புத்தக அந்தஸ்து கிடைத்தது எங்கே தெரியுமா? உங்கள் குட்டியின் பூர்விக நாடான ஜெர்மனியில்!

1899, ஏப்ரல் மாதம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஒரு நாய்க் கண்காட்சி. அங்கே வந்திருந்த மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்கிற குதிரைப்படை அதிகாரியின் கண்ணில், ஓநாய் ஜாடையில் ஒரு ஆட்டுமந்தை நாய் பட்டது. பார்த்த மாத்திரத்தில் வாங்கிவிட்டார். ‘ஹோராண்ட்’ என்று புதுப்பெயர் சூட்டி, ஒரு சங்கமும் ஆரம்பித்து, அதன் பதிவேட்டில் முதல் நாயாக எழுதினார். இன்று உலகம் முழுக்க இருக்கும் ஜெர்மன் ஷெப்பர்ட்களின் வம்சாவளி இப்படித்தான் தொடங்கியது.

மந்தை மேய்க்கும் வேலை குறைந்துகொண்டே வந்த காலம் அது. ‘என் நாய்களுக்கு வேறு உத்தியோகம் தேட வேண்டும்’ என்று நினைத்த ஸ்டெஃபானிட்ஸ், போலீஸையும் ராணுவத்தையும் குறிவைத்தார். அங்கே தயாராக இருந்தார் கான்ராட் மோஸ்ட் என்கிற போலீஸ் அதிகாரி. 1910-ல் அவர் எழுதிய நாய்ப் பயிற்சி நூல் பல தலைமுறைப் பயிற்சியாளர்களுக்கு வேதம் ஆனது. பாராட்டு, பரிசு எல்லாம் அதில் உண்டு. ஆனால், அஸ்திவாரம் என்னவோ கட்டாயம்தான். கழுத்துப் பட்டையைச் சுண்டி இழுப்பது, சாட்டை, ‘நான் எஜமான், நீ அடங்கு’ என்கிற தோரணை...

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அவர் பழக்கியது வளர்ந்த வேலைக்கார நாய்களை. ஹாலில் ஈரம் பண்ணும் ஐம்பது நாள் குழந்தையை அல்ல!

இனி 1951-க்கு வருவோம். நாய்களின் சரித்திரத்தில் அது ஒரு விசேஷமான வருடம். இந்தியாவிலேயே முதன்முதலாகப் போலீஸ் துப்பறியும் நாய்ப் படை உருவானது அந்த வருடம்தான். உருவாக்கியது நம்ம மதராஸ் மாநிலப் போலீஸ்!

அதே வருடம் டிசம்பரில், அமெரிக்காவின் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னர். விலங்குகளுக்கு எப்படிக் கற்றுத் தருவது என்பதுதான் விஷயம். அவர் சொன்ன உபகரணம் என்ன? அழுத்தினால் ‘டிக்’ என்று சத்தம் போடும் ஒரு பொம்மை, கொஞ்சம் தீனி. அவ்வளவே! நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்தில் ‘டிக்’, உடனே ஒரு துண்டுத் தீனி. தப்பு செய்தால் ஒன்றும் கிடையாது. சாட்டைக்கு வேலையே இல்லை.

‘இதெல்லாம் புறாவுக்குச் சரி, பெரிய மிருகத்திடம் பலிக்குமா?’ என்று கேட்கலாம். 1960-களில் ஹவாய் தீவில் கேரன் ப்ரையர் என்ற பெண்மணி டால்ஃபின்களுக்கு வித்தை கற்றுக்கொடுத்தார். டால்ஃபின் கழுத்தில் சங்கிலி போட்டு இழுக்க முடியுமா? அடிக்கப் போனால் தண்ணீருக்குள் போய்விடும். கையில் இருந்தது ஒரு விசிலும் வாளி நிறைய மீனும்தான். அதை வைத்தே சாதித்தார். 1984-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயரே, ‘டோன்ட் ஷூட் த டாக்’ - நாயைச் சுடாதீர்கள்!

சரி, அடித்தால்தான் என்ன? ராத்திரி செய்த ஈரத்துக்குக் காலையில் மூக்கைத் தேய்த்தால் குட்டிக்கு ஒன்றும் விளங்காது. ‘இந்த ஆள் கிட்டே வந்தால் ஆபத்து’ என்பது மட்டும் நன்றாக விளங்கும். பயந்த நாய்தான் கடிக்கிற நாய். இன்றைக்கு உள்ளங்கையில் அடங்கும் இது, ஒன்றரை வருடத்தில் முப்பது, நாற்பது கிலோ. அந்தப் பயம் அப்போது பாய்ந்தால், எதிரே நிற்பது பக்கத்து வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் ஸ்காட், ஃபுல்லர் என்று இரண்டு விஞ்ஞானிகள் வருடக்கணக்கில் நாய்க்குட்டிகளை ஆராய்ந்தார்கள். 1965-ல் புத்தகமாக வந்தது. சாரம் இதுதான்: பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை குட்டியின் மனக்கதவு திறந்திருக்கிறது. அதற்குள் பார்த்துப் பழகியதெல்லாம் சொந்தம். பிறகு வருவதெல்லாம் அந்நியம். பதினான்கு வாரம் வரை மனித வாசனையே படாமல் வளர்த்த குட்டிகள் கிட்டத்தட்டக் காட்டு மிருகமாகவே நின்றுவிட்டன.

கணக்குப் போடுங்கள். உங்கள் குட்டிக்கு ஏழு வாரம் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஐந்து வாரம்!

இங்கேதான் ஒரு சிக்கல். ‘எல்லா ஊசியும் முடியற வரைக்கும் வெளியே விடாதீங்க’ என்பார்கள். காரணம் உண்டு. 1978-ல் உலகம் பூராவும் கிளம்பிய பார்வோ வைரஸ், ரத்தக் கழிச்சலில் குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. இன்றும் கொல்கிறது. ஆனால், ஊசி முடிவதற்குள் கதவு மூடிவிடுமே?

2008-ல் விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்க கால்நடை மருத்துவர்கள் சங்கம் இதற்கு பதில் சொன்னது. மூன்று வயதுக்குள் சாகும் நாய்களை அதிகம் பலிவாங்குவது தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறு. அதாவது, கடிக்கிறது, அடங்கவில்லை என்று கைவிடப்பட்டு சாகிற நாய்களே அங்கு அதிகம். ஆகவே, முதல் ஊசி போட்டு ஒரு வாரமானதும் ஜாக்கிரதையாகப் பழக்க ஆரம்பியுங்கள் என்றார்கள்.

எனவே, தரையில் விடாதீர்கள். கையில் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். எம்.டி.ஹெச். ரோடு லாரி, ஆட்டோ ஹாரன், ஹெல்மெட் போட்ட கூரியர் பையன், குடை பிடித்த பாட்டி, குக்கர் விசில்... எல்லாம் காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு பிஸ்கட். எழுந்ததும், சாப்பிட்டதும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஈரம் அங்கே ஆனால், அந்த நிமிஷமே சபாஷ். ஹாலில் ஆனால், சத்தம் போடாமல் துடைத்துவிடுங்கள். கையைக் கடித்தால் கையை விலக்கி, கடிக்கப் பொம்மை கொடுங்கள்.

உடம்பு விஷயத்திலும் அவசரம் கூடாது. ‘பெரிய ஜாதி, எலும்பு பலமா இருக்கணும்’ என்று கால்சியம் டானிக்கைக் கூடுதலாக ஊற்றுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. 1985-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கிரேட் டேன் குட்டிகளுக்கு அளவுக்கு மேல் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு பலப்படவில்லை, வளர்ச்சி கோளாறானதுதான் மிச்சம். கொழுகொழுவென்று வளர்ப்பதும் இடுப்பு மூட்டுக்குக் கேடு. வழவழ டைல்ஸில் ஒரு சாக்கு விரியுங்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே வாக்கிங் முடியட்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. பாடி, மாநகராட்சியின் அம்பத்தூர் மண்டலத்தில் வருகிறது. ஆகவே, லைசென்ஸும் கட்டாயம்.

காமர்ஸ் படித்தவன் பாஷையில் சொல்கிறேன். இந்த ஐந்து வாரம் ஒரு டெபாசிட். பத்து, பன்னிரண்டு வருடத்துக்கு வட்டி வரும். தவறவிட்டால் அதே காலத்துக்கு நீங்கள்தான் வட்டி கட்ட வேண்டும் - கேட்டருகே சங்கிலியில் கட்டிப்போட்ட ஒரு நாயாக.

கீழ்வீட்டுப் பெரியவரிடம் சண்டை வேண்டாம். அவர் கையிலும் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, குட்டிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அது பார்த்துப் பழக வேண்டிய மனிதர்களில் அவரும் ஒருவர்!