விண்வெளி நிலையத்துக்குத் தனியார் சரக்குப் போக்குவரத்து: ஒப்பந்தப் போட்டியின் வரலாறு

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு உணவு, ஆய்வுக் கருவிகள், உதிரிப் பாகங்கள் முதலியவற்றைக் கொண்டுசெல்லும் பணியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைக்க அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசா 2006 ஆம் ஆண்டில் ஒரு போட்டியை அறிவித்தது. வணிகச் சுற்றுப்பாதைப் போக்குவரத்துச் சேவைகள் என்னும் இத்திட்டம், ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் காட்ஸ் எனப்படுகிறது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் எழுச்சி இத்திட்டத்துடன் இணைந்தது. அதனால் இது பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் வெற்றிக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அரசு வகுத்த போட்டி விதிகளும், ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கக் கூடாது என்ற முடிவும் அவ்வெற்றிக்கு அதே அளவு காரணமாகும்.

பின்னணி

2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் பூமிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட அதிலிருந்த ஏழு பேரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு சனவரியில், விண்வெளி நிலையத்தின் கட்டுமானம் முடிந்ததும் விண்ணோடங்களுக்கு ஓய்வளிக்கப்படும் என அதிபர் ஜார்ஜ் புஷ் அறிவித்தார். அதன் பின் நிலையத்துக்குச் சரக்குகளைக் கொண்டுசெல்ல அமெரிக்காவிடம் சொந்த ஊர்தி எதுவும் இராது என்ற நிலை உருவானது.

2004 இல் நாசா, கிஸ்லர் ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்குப் போட்டியின்றி 22.7 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றை வழங்க முன்வந்தது. அப்போது இரண்டு வயதே ஆகியிருந்த ஸ்பேஸ்எக்ஸ் இதை எதிர்த்து, அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகத்தில் முறையிட்டது. தீர்ப்பு தனக்கு எதிராக அமையும் என்று தெரிந்ததும் நாசா அந்த ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றது. இனி இத்தகைய பணியைத் திறந்த போட்டியின் வழியாகவே வழங்க முடியும் என்பது இதனால் தெளிவானது.

பணம் வழங்கும் முறை

அதுவரை நாசாவின் பெரிய திட்டங்களில், நிறுவனம் செய்த செலவு முழுவதையும் அரசு ஈடுசெய்து, அதற்கு மேல் ஒரு கட்டணமும் கொடுப்பதே வழக்கம். வேலை தாமதமானால் இழப்பு அரசுக்கே.

நாசாவின் தலைவர் மைக்கேல் கிரிபின் காட்ஸ் திட்டத்துக்காக 50 கோடி டாலரை ஒதுக்கினார். இத்திட்டத்தில் தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. வடிவமைப்பு ஆய்வு, எந்திரச் சோதனை, நிதி திரட்டல் எனப் பணி பல படிநிலைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு படிநிலையை முடித்தால் மட்டுமே அதற்குரிய தொகை கிடைக்கும். எஞ்சிய செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். உருவாகும் ஏவூர்தியும் விண்கலமும் நிறுவனத்துக்கே சொந்தம்.

முதல் சுற்று

2006 ஆகஸ்டில் இரு நிறுவனங்கள் தேர்வாயின. ஸ்பேஸ்எக்ஸுக்கு 27.8 கோடி டாலரும், கிஸ்லரின் வழிவந்த ராக்கெட்பிளேன் கிஸ்லர் நிறுவனத்துக்கு 20.7 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. பின்னதால் தனியார் முதலீட்டைத் திரட்ட முடியவில்லை. 2007 அக்டோபரில் நாசா அந்த உடன்பாட்டை முடித்துக்கொண்டது. படிநிலை முறை இருந்ததால் பெரும்பகுதிப் பணம் அரசிடமே மீந்திருந்தது. அதைக் கொண்டு மீண்டும் போட்டி நடத்தி, 2008 பிப்ரவரியில் ஆர்பிட்டல் சயின்சஸ் நிறுவனத்தை 17 கோடி டாலருக்குத் தேர்வு செய்தது.

ஸ்பேஸ்எக்ஸின் நிலையும் சிறப்பாக இல்லை. அதன் சிறிய ஏவூர்தியான பால்கன் 1 தொடர்ந்து மூன்று முறை தோல்வியடைந்து, 2008 செப்டம்பர் 28 அன்று நான்காம் முயற்சியில்தான் சுற்றுப்பாதையை அடைந்தது. நிறுவனத்திடம் பணம் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று நாசா சரக்குச் சேவைக்கான முக்கிய ஒப்பந்தங்களை அறிவித்தது. ஸ்பேஸ்எக்ஸுக்கு 12 பயணங்களுக்காக 160 கோடி டாலர். ஆர்பிட்டலுக்கு 8 பயணங்களுக்காக 190 கோடி டாலர். அன்று இவ்விரு நிறுவனங்களின் சரக்கு விண்கலங்களோ, அவற்றைச் சுமக்க வேண்டிய ஏவூர்திகளோ ஒருமுறைகூடப் பறந்திருக்கவில்லை.

சரக்குப் பயணங்கள்

2011 சூலையில் விண்ணோடத்தின் கடைசிப் பயணம் நடந்தது. தனியார் கலங்கள் தாமதமாகலாம் என்பதால் அதில் பெருமளவு சரக்கு அனுப்பப்பட்டது. 2012 மே 25 அன்று ஸ்பேஸ்எக்ஸின் டிராகன், விண்வெளி நிலையத்தை அடைந்த முதல் தனியார் விண்கலமானது. 2013 செப்டம்பரில் ஆர்பிட்டலின் சிக்னஸ் நிலையத்தை எட்டியது. டிராகன் ஆய்வு மாதிரிகளுடன் கடலில் இறங்கும். சிக்னஸ் கழிவுகளை ஏற்றிக்கொண்டு வளிமண்டலத்தில் எரிந்துவிடும்.

செலவிலும் வேறுபாடு பெரிது. பால்கன் 9 ஏவூர்தியைத் தன் வழக்கமான முறைகளில் உருவாக்கியிருந்தால் 170 முதல் 400 கோடி டாலர் வரை ஆகியிருக்கும் என நாசா 2011 இல் மதிப்பிட்டது. ஸ்பேஸ்எக்ஸுக்கு ஆனது சுமார் 30 கோடி டாலர்.

எட்டு மாதங்களில் மூன்று இழப்புகள்

2014 அக்டோபர் 28 அன்று சிக்னஸைச் சுமந்த அன்டாரெஸ் ஏவூர்தி, வர்ஜீனியாவின் வாலப்ஸ் தளத்தில் ஏவிய சில நொடிகளில் வெடித்தது. சோவியத் நிலவுத் திட்டத்துக்காகப் பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட எந்திரங்கள் அதில் பயன்பட்டிருந்தன. 2015 ஏப்ரலில் ரசியாவின் புரோகிரஸ் சரக்குக் கலம் கட்டுப்பாட்டை இழந்தது. சூன் 28 அன்று டிராகனைச் சுமந்த பால்கன் 9 வானில் சிதறியது.

மேலே இருந்த விண்வெளி வீரர்களுக்குப் போதிய கையிருப்பு இருந்தது. அடுத்தடுத்து வந்த ரசிய, சப்பானியக் கலங்களும் கைகொடுத்தன. அன்டாரெஸ் முடங்கியிருந்த நிலையில், ஆர்பிட்டல் சிக்னஸை அட்லஸ் 5 என்ற மற்றொரு நிறுவனத்தின் ஏவூர்தியில் ஏற்றி 2015 டிசம்பரில் அனுப்பியது. டிராகன் நிலையத்துக்குத் திரும்பியது 2016 ஏப்ரலில்தான். ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் அந்த இடைவெளியில் அமெரிக்கச் சரக்கு எதுவும் போயிருக்காது.

இரண்டாம் சுற்றும் பின்னரும்

2016 சனவரியில் வழங்கப்பட்ட இரண்டாம் சுற்று ஒப்பந்தங்களில் சியரா நெவாடா நிறுவனம் மூன்றாவதாகச் சேர்ந்தது. அதன் டிரீம் சேசர் கலத்தின் முதல் பயணம் பல ஆண்டுகள் தள்ளிப்போனது. போட்டி இருந்தும் விலை தொடர்ந்து குறையவில்லை. முதல் சுற்றைவிடக் குறைந்த சரக்குக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர் கூடுதலாகச் செலவாகும் என நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018 இல் சுட்டிக்காட்டியது. ஸ்பேஸ்எக்ஸ் தன் விலையை உயர்த்தியது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆர்பிட்டல் பின்னர் நார்த்ராப் குரும்மன் நிறுவனத்தின் பகுதியானது. 2020 அக்டோபரில் அது ஏவிய சிக்னஸ் கலத்துக்குக் கல்பனா சாவ்லாவின் பெயர் சூட்டப்பட்டது. அன்டாரெஸின் முதல் கட்டம் உக்ரைனிலும் அதன் எந்திரங்கள் ரசியாவிலும் செய்யப்பட்டன. 2022 இல் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. 2024 சனவரியில் சிக்னஸ் தன் போட்டியாளரான ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 மீதே ஏறிச் சென்றது.

விண்கலங்கள் இரண்டாக இருந்தாலும், அவற்றைத் தூக்கிச் செல்லும் ஏவூர்தி ஒன்றாகிவிட்டது. அந்த ஏவூர்திக்குத் தடங்கல் வந்தால் இரு கலங்களும் ஒருசேர நின்றுவிடும். 2015 இல் நிலையத்தைக் காத்தது வெவ்வேறு ஏவூர்திகள் இருந்த ஏற்பாடு. அதை ஒப்பந்தத்தில் எழுதுவது எளிது; ஆண்டுக்கணக்கில் நிலைநிறுத்துவது கடினம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.